இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி

உலகத்தார் அனைவரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று, அந்த கோல்ஃப் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசிகளோடு வெளியாகியிருந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டியில் விளையாட்டின் மாண்பைக் காக்கும் பொருட்டும், இளந்தலைமுறை விதி தெரியாமல் வழிதவறுவதைத் தடுக்கும் பொருட்டும், 'விதித் துணைவர்' என்னும் உயர்பதவி உருவாக்கப்படுகிறது, தகுதியுடையோர் விண்ணப்பிக்கலாம், கடும் போட்டி எதிர்பார்க்கப்படுவதால் தலைவரின் முடிவே இறுதியானது. அதற்கு இடப்பக்கம் 'மகளிர் கழிவறைக் குழாய் பழுது' என்றொரு காகிதம். வலப்பக்கம் 'கறுப்புக் குடை காணவில்லை' என்றொரு காகிதம். மூன்றில் ஆட்கள் நின்று படித்தது குழாயைத்தான்.

பதவி இன்சூரன்ஸ் சர்வேயருக்குக் கிடைத்தது.

அவர் இருபத்து நான்கு வருடங்களாக எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் நனைந்த குடோன்களையும் பார்வையிட்டு அறிக்கை எழுதி வருபவர். கடை எரிந்து வயிறும் எரிந்து நிற்கிற மனிதனிடம், "தீ பிடிச்சது எத்தனை மணிக்கு? நீங்க பாத்தது எத்தனை மணிக்கு? நடுவுல பன்னிரண்டு நிமிஷம் இருக்கே, அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கட்டத்துக்குள் எழுதுவார். அவர் அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. ஒரு நேரம்கூடப் பிசகியதில்லை. அலுவலகத்தில் அவருக்கு இருந்த மரியாதை எல்லாம் அதற்குத்தான். வேறு காரணம் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கோல்ஃப் அவருக்குச் சுத்தமாக வராது. அவர் மட்டையைச் சுழற்றினால் பந்தைத் தவிர எல்லாம் நகரும். ஆனால் விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். பந்தை அடிக்கத் தெரியாதவர், பந்தை அடித்தவனுக்கு அபராதம் போடத் தெரிந்தவர். இப்படிப்பட்டவர்கள் எல்லாத் துறையிலும் மேலே போவார்கள் என்பதால், அவருக்கும் ஆசை இருந்தது. சிறுவர் போட்டி புகார் இல்லாமல் முடிந்தால், அடுத்த மாதம் பெரியவர்கள் சாம்பியன்ஷிப்பில் அவருக்குப் பச்சைக் கைப்பட்டையும் வாக்கி டாக்கியும் தருவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். அந்தக் கைப்பட்டையை அவர் இரண்டு முறை கனவில் கட்டிப் பார்த்துவிட்டார்.

போட்டி நாள் காலையில் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு ஹாலில் இரண்டு நடை நடந்தார். மனைவி காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"என்னங்க, கோல்ஃபுக்குப் போறீங்களா, வெள்ள நிவாரணத்துக்குப் போறீங்களா?"

"புல்லு ஈரமா இருக்கும். இந்த சோல் ரெண்டு அங்குலம்."

"யானைக்கு லாடம் அடிச்ச மாதிரி இருக்கு. கீழ என்ன நசுங்குதுன்னுகூடத் தெரியாது உங்களுக்கு."

"இன்னிக்கு எனக்குப் பரீட்சை. நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லேன்."

"சரி, லேஸைக் கட்டிட்டுப் போங்க" என்றார் மனைவி. அதைவிட நல்ல வார்த்தை அவரிடம் அப்போது கைவசம் இல்லை.

கிளப் தலைவர் டைல்ஸ் கம்பெனி முதலாளி. அவர் கம்பெனியின் முத்திரை மூன்று முனையுள்ள கிரீடம். அதே கிரீடம் அவர் சட்டைப் பையிலும், காரிலும், பேட்டரி வண்டியிலும், சாவிக்கொத்திலும் இருந்தது. நெற்றியில் இல்லாதது இடம் போதாததால் அல்ல, இன்னும் தோன்றாததால். போட்டிக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஆளுக்கொரு பெட்டிப் புதுப் பந்து வழங்கினார். ஒரே கம்பெனி, எல்லாவற்றிலும் ஒரே எண். போட்டோ எடுக்கும்போது வரிசையாக அழகாக இருக்குமாம்.

அவர் மகனும் போட்டியில் இருந்தான். பிள்ளைகள் அவனை இளவரசு என்பார்கள். நல்ல பையன், சோம்பலைத் தவிர எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. சர்வேயரின் கவனிப்பில் வந்த மூன்று பேரில் அவன் ஒருவன். இன்னொருவன் கொக்கு, கழுத்தும் காலுமாக வளர்ந்தவன். மூன்றாவது ஒரு பெண், உருவம் சிறிது என்பதால் மிளகு. மருந்துக்கடைக்காரரின் மகள், பன்னிரண்டு வயது. நகரங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகும் அணியில் மூன்று இடங்கள் முன்பே நிரம்பிவிட்டன. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு மிளகும் இளவரசும்தான் மல்லுக்கு நின்றார்கள். சரியாகச் சொன்னால் மிளகும் இளவரசின் அப்பாவும்.

பெற்றோர்கள் ஐம்பது அடி தள்ளிக் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சைகை காட்டக் கூடாது என்பது உத்தரவு. அதனால் அன்று கயிற்றுக்கு அப்பால் யாரும் சைகை காட்டவில்லை. எல்லோருக்கும் இருமல் மட்டும் இருந்தது. கொக்கின் அப்பா ஒரு தடவை இருமினால் மெதுவாக அடி, இரண்டு தடவை இருமினால் ஓங்கி அடி. நிஜமாகவே தொண்டை கட்டியிருந்த ஒரு தாய் ஏழாவது ஹோலில் தன் மகனை, பந்தைக் குளத்துக்குள் அடிக்க வைத்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் சர்வேயர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இருபத்திரண்டு நிமிடம் பேசினார்.

"பந்துல அவங்கவங்க அடையாளம் போட்டுக்கணும். அடிக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு அடையாளத்தப் பாக்கணும். பந்து காணோம்னா தேட மூணு நிமிஷம். ஒரு விநாடி கூடுதலும் கிடையாது, குறைவும் கிடையாது. தேடும்போது காலைப் பாத்து வைக்கணும், பந்தை மிதிச்சுடக் கூடாது. நான் விதி மட்டும்தான் சொல்வேன். அதுவும் கேட்டாத்தான் சொல்வேன். எப்படி அடிக்கிறதுன்னு யாரும் என்கிட்ட கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டோம் அங்கிள்" என்றான் கொக்கு. "உங்க ஆட்டத்தப் பாத்திருக்கோம்."

மிளகு தன் பந்துகளில் சிவப்புப் பேனாவால் மூன்று புள்ளி வைத்தாள். இளவரசின் பந்துகளில் அப்பாவே சிவப்பு மையில் கிரீட முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். கொக்கு ஒரு கண் வரைந்தான். கேட்டால், பந்து தானாகப் பார்த்துப் போகட்டும் என்றான்.

விதி கேட்கலாம் என்ற சலுகையைக் கொக்கு வீணாக்கவில்லை.

"அங்கிள், காக்கா பந்தைத் தூக்கிட்டுப் போனா?"

"அபராதம் இல்ல. இருந்த இடத்துல வேற பந்து வெச்சு ஆடலாம்."

"காக்கா மனசு மாறித் திருப்பிக் கொண்டுவந்து போட்டா?"

"...அந்தப் பந்தையே வெச்சு ஆடலாம்."

"யானை மிதிச்சுட்டா?"

"யானை மிதிச்சாலும் சரி, தேடுற மனுஷன் மிதிச்சாலும் சரி, அபராதம் இல்ல. எடுத்து அதே இடத்துல வெச்சு ஆடலாம். போதுமா?"

"போதும் அங்கிள்" என்று கொக்கு அவருடைய பூட்ஸைப் பார்த்தான்.

பதினான்கு ஹோல் முடிந்தபோது மிளகு இளவரசைவிட ஓர் அடி குறைவாக அடித்து, ஓர் அடி முன்னால் இருந்தாள். புகார் எதுவும் இல்லை. சர்வேயரின் இடது கை, கைப்பட்டை வரப்போகும் இடத்தில், லேசாக அரித்தது.

பதினைந்தாவது ஹோலில் மிளகும் இளவரசும் அடித்த பந்துகள் இரண்டும் வலப்பக்கம் ஒரே மரத்தைச் சுற்றியிருந்த நெடும்புல்லுக்குள் போய் விழுந்தன. இளவரசின் பந்து உடனே கிடைத்தது. அவன் மேலே நின்றபடியே கம்பெனிப் பேரையும் எண்ணையும் பார்த்தான், சரியாக இருந்தது, அடித்தான். அழகான அடி. எங்கோ பேட்டரி வண்டியிலிருந்து தலைவர் கைதட்டுவது கேட்டது.

மிளகின் பந்தைக் காணோம்.

சர்வேயர் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை அமுக்கினார். "தேடல் ஆரம்பம்!" என்றார், ரயிலுக்குக் கொடியசைப்பவர் போல. பிள்ளைகள் மூவரும் புல்லை விலக்கித் தேடினார்கள். துணைவருக்கும் தேட உரிமை உண்டு என்பதால் அவரும் நாலடி நடந்து, கம்பீரமாக ஓரிடத்தில் நின்று, பார்வையால் மட்டும் தேடினார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. இரவு தண்ணீர் பாய்ச்சியதில் மண் சதசதவென்றிருந்தது. எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினார்.

வலது பாதத்துக்குக் கீழே, இரண்டு அங்குல ரப்பருக்கும் அடியில், உருண்டையாக ஏதோ ஒன்று இருந்தது.

ஸ்டாப்வாட்சில் இரண்டு நிமிடம் ஐம்பத்தொரு விநாடி.

கல்லாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் இந்த மைதானத்தில் கல் கிடையாது. கல்லே இல்லை என்று தலைவர் வருடா வருடம் உரையாற்றுவார். ஐம்பத்து மூன்று. சொல்லிவிட வேண்டியதுதான். இருபத்திரண்டு நிமிடம் காலைப் பார்த்து வை என்று பேசியவர், காலைத் தூக்கிக் காட்டினால் கொக்கு என்ன சொல்வான்? ஐம்பத்தாறு. அவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். பூட்ஸைப் பார்ப்பான். அதுதான் தாங்காது. ஐம்பத்தெட்டு. பச்சைக் கைப்பட்டை. வாக்கி டாக்கி.

"நேரம் முடிஞ்சது" என்றது அவர் வாய். "பந்து தொலைந்ததாகக் கருதப்படும்."

மிளகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பையிலிருந்து வேறு பந்து எடுத்துக்கொண்டு, ஓர் அடி அபராதத்தோடு மறுபடி முதலிலிருந்து அடிக்க டீயை நோக்கி ஓடினாள்.

தலைவரின் வண்டி வந்து நின்றது.

"சபாஷ் சார்! மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம். விதின்னா இப்படி இருக்கணும். ஏறுங்க, குழி இருக்கற கிரீன்ல கொண்டுபோய் விடறேன்."

"இல்ல சார், நான் இங்கயே நிக்கறேன்."

"எதுக்கு?"

"பார்வையிடறேன்."

"என்னத்த?"

சர்வேயர் சுற்றும் முற்றும் பார்த்தார். "பொதுவா" என்றார்.

தலைவர் அந்த அர்ப்பணிப்பை மெச்சித் தலையாட்டிவிட்டுப் போனார். எல்லோரும் தள்ளிப் போன பிறகு சர்வேயர் காலைத் தூக்கினார். மண்ணில் அழுந்தி, மண்ணோடு மண்ணாக, ஒரு பந்தின் முதுகு தெரிந்தது. கைக்குட்டையை விரித்து, சேறு உதிராமல் அள்ளி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். துடைக்கவில்லை. ஆதாரத்தைத் துடைக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். ஆதாரத்தைப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதும் தொழில் தர்மம்தான். ஒரே நாளில் எத்தனையைத்தான் கடைப்பிடிப்பது?

அந்த ஹோலில் இளவரசுக்கு ஐந்து, மிளகுக்கு ஏழு. ஓர் அடி முன்னால் இருந்தவள் ஓர் அடி பின்னால் ஆனாள். மீதி மூன்று ஹோலிலும் இருவரும் சரிசமம்.

"அங்கிள், பாக்கெட்ல என்ன?" என்றான் கொக்கு, பதினேழாவது ஹோலில்.

"விதிப்புத்தகம்."

"உருண்டையா இருக்கு?"

"நடையப் பாரு."

மிளகு மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூணு நிமிஷம் சரியா இருந்துச்சா அங்கிள்?"

"என் வாட்ச் தப்புப் பண்ணாது."

"வாட்ச் பண்ணாது" என்று ஒத்துக்கொண்டுவிட்டு அவள் நடந்தாள்.

ஸ்கோர் அறை என்பது மட்டைகள் வைக்கும் அறைக்குப் பின்னால், ஒரு மின்விசிறியும் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் கொண்ட இடம். அங்கே தலைவரும் செயலாளர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கிளப்பில் தலைவர் செய்ததாகச் சொல்லப்படும் வேலைகளையெல்லாம் செய்பவர் அந்த அம்மா. அணியின் கடைசிப் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தவர், "சார், உங்க அறிக்கையக் குடுத்துட்டீங்கன்னா முடிச்சிடலாம்" என்றார்.

அறிக்கைப் படிவத்தை வடிவமைத்தவர் சர்வேயரேதான். யாரும் கேட்காமலே, மூன்று இரவு உட்கார்ந்து கோடு போட்டது. ஹோல் எண், தேடல் தொடங்கிய நேரம், தேடியவர்கள், தேடல் முடிந்த நேரம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். அதற்கடுத்த கட்டம் 'பந்து தென்பட்ட நேரம்'.

பேனா நின்றது.

ஒரு கோடு போட்டால் போதும். ஒரு சின்னக் கோடு. கையை நகர்த்திப் பார்த்தார், கை நகரவில்லை. இருபத்து நான்கு வருடங்களாக எத்தனை பேருடைய எரிந்த கடைகளை இந்தக் கட்டத்தை வைத்துத்தான் மறுத்திருக்கிறார்! நேரம் தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டவர்களை எப்படியெல்லாம் பார்த்திருக்கிறார்! மனசாட்சி குத்தியது என்றால் அது பெரிய வார்த்தை. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். அவர் எழுதினார்: '2 நிமிடம் 51 விநாடி. இடம்: துணைவரின் வலது காலடி.'

செயலாளர் அம்மா இரண்டு முறை படித்தார். தலைவர் பிடுங்கி மூன்று முறை படித்தார்.

"என்ன சார் இது?"

சர்வேயர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். சேற்று உருண்டை ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது.

"பந்தை மிதிச்சா அபராதம் இல்ல, அதே இடத்துல வெச்சு ஆடலாம்னு எங்களுக்குச் சொன்னாரு" என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்ற கொக்கு. "யானை மிதிச்சாலும்னாரு."

"நீ போடா வெளிய!" என்றார் தலைவர்.

"வெளியதான் அங்கிள் நிக்கறேன்."

விவாதம் நாற்பது நிமிடம் நடந்தது. மூன்று நிமிடத்துக்குள் பந்து கிடைத்துவிட்டதால் அந்த ஹோலை அந்த இடத்திலிருந்து மிளகு மறுபடி ஆடட்டும் என்றார் செயலாளர் அம்மா. தலைவர் எழுந்து நின்றார்.

"கிடைக்கறதுன்னா கையில கிடைக்கணும். கால்ல கிடைச்சது கிடைச்சதாகாது."

"மனுஷன் வேற, அவரோட காலு வேறயா சார்?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. விதிக்கு உணர்ச்சி கிடையாது. விதிக்குக் கண்ணு கிடையாது. இன்னிக்கு அந்தப் பொண்ணு. நாளைக்கு என் சொந்தப் பையனே தப்புப் பண்ணினாலும், ஒரு எழுத்துப் பிசகாம இதே கையால நடவடிக்கை எடுப்பேன். எழுதிக்கோங்க!"

செயலாளர் அம்மா எழுதிக்கொண்டார். கூட்டக் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம்.

"சார், நீங்க" என்று தலைவர் சர்வேயர் பக்கம் திரும்பினார், "கைப்பட்டைய மறந்துடுங்க."

சர்வேயர் மறக்கத் தொடங்கினார்.

முடிவைத் தெரிவிக்க மிளகையும் இளவரசையும் உள்ளே கூப்பிட்டார்கள். கொக்கைக் கூப்பிடவில்லை, வந்தான். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விதியின் புனிதம் பற்றி ஆரம்பித்தார். மிளகு அவரைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த உருண்டையைப் பார்த்தாள்.

"அதான் என் பந்தா?"

"உன் பந்துதான்" என்றார் சர்வேயர். "நான்தான் மிதிச்சுட்டேன். ஒன்பது விநாடி இருந்துச்சு. நான் சொல்லல."

"அடையாளம் பாத்தீங்களா?"

மேசையைச் சுற்றியிருந்த மூன்று பெரியவர்களும் நாற்பது நிமிடம் அந்தப் பந்தை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடியவர்கள். ஒருவர்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மிளகு பந்தை எடுத்துக் கட்டைவிரலால் சேற்றைத் தேய்த்தாள். சிவப்பாக ஏதோ தெரிந்தது. இன்னொரு தேய்ப்பு. ஒரு முனை தெரிந்தது. இரண்டாவது முனை. மூன்றாவது முனை.

சேற்றுக்குள்ளிருந்து கிரீடம் எழுந்தருளியது.

"இது என்னுது இல்ல" என்றாள். "இவனோடது."

எல்லோரும் இளவரசைப் பார்த்தார்கள். அவன் கால்சட்டைப் பையில் கைவிட்டு, பதினைந்திலிருந்து பதினெட்டு வரை தான் ஆடிய பந்தை வெளியே எடுத்தான். அதில் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

"டேய்!" என்றார் தலைவர். "இதப் பாக்கவே இல்லையா நீ?"

"கிரீன்ல துடைக்கும்போது பாத்தேன்ப்பா. நீங்க குத்துன கிரீடம் அழிஞ்சு, முனை மட்டும் மிச்சம் இருக்குன்னு நெனச்சேன். உங்க மை எப்பவும் அப்படித்தானே?"

தலைவர் உட்கார்ந்தார். பிறகு, "சின்னப் பசங்க" என்று மெல்ல ஆரம்பித்தார். "தெரியாம நடந்தது. இதையெல்லாம் பெரிசுபடுத்தி..."

"அங்கிள்" என்றாள் மிளகு, சர்வேயரைப் பார்த்து. "ஒரு விதி கேக்கணும். அடுத்தவங்க பந்தை அடிச்சுட்டு, அதத் திருத்தாம அடுத்த ஹோலுக்குப் போயிட்டா என்ன ஆகும்? கேட்டாச் சொல்வேன்னு சொன்னீங்க."

சர்வேயர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. கைப்பட்டை போய்விட்டது, ஆனால் கேள்வி கேட்டுவிட்டார்களே.

"போட்டியிலிருந்து நீக்கம்" என்றார்.

செயலாளர் அம்மா குறிப்பேட்டில் ஒரு வரியைத் தேடிப் பிடித்து, வாய்விட்டுப் படித்தார். "'என் சொந்தப் பையனே தப்புப் பண்ணினாலும், ஒரு எழுத்துப் பிசகாம இதே கையால.' கையெழுத்து எங்க போடணும்னு காட்டட்டுங்களா சார்?"

"அப்பா, அப்போ நான் டீமுக்குப் போக வேணாம்தானே?" என்றான் இளவரசு. அவன் முகத்தில் அன்று முதல் முறையாகச் சுறுசுறுப்பு தெரிந்தது. "சனிக்கிழம ட்ரம்ஸ் கிளாஸுக்குப் போலாமா?"

தலைவர் அதே கையால் கையெழுத்துப் போட்டார். அணியின் கடைசி இடத்தில் மிளகின் பெயர் ஏறியது. கயிற்றுக்கு அப்பாலிருந்து வந்து வாசலில் நின்றிருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை இருமினார். இந்த முறை அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை சர்வேயர் ராஜினாமாக் கடிதத்தோடு கிளப்புக்கு வந்தார். இரண்டு பக்கம், ஏழு பிரிவுகள். மாண்புமிக்க பதவிக்குத் தான் இழைத்த களங்கம், அதன் நேரம், இடம், பூட்ஸின் கனம் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. தன்னைவிடத் தகுதியான பல பேர் காத்திருக்கும் இடத்தில் தான் இனி ஒரு நாளும் தொடர்வது முறையாகாது என்று முடித்திருந்தார். முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

செயலாளர் அம்மா கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்தார். 'விதித் துணைவர்: விண்ணப்பங்கள்' என்று எழுதியிருந்த கோப்பை எடுத்துத் திறந்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அதில் ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது, அதுவும் அவருடையது.